மெருகிட்ட மரத்தளத்தின் நிறபேதத்தைச் சமன்படுத்துதல்

பழைய பலகைத்தளத்தை இயந்திரங்கொண்டு தேய்த்து, தூசி போக்கி, புதிய மெருகும் இட்டு, அது காய்வதற்காக இரவெல்லாம் அறையைப் பூட்டி வைத்திருந்து, மறுநாட் காலையில் கதவைத் திறந்து பார்க்கும் வீட்டுக்காரர்களுள் பலருக்கு முதலில் உண்டாவது திகைப்பே. ஒரு பலகை வெளிறிய மஞ்சளாகவும் அதை அடுத்தது கரும்பழுப்பாகவும் கிடக்கும்; சுவரோரம் நெடுக ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்த பட்டை ஓடும்; அறை நடுவே காரணம் தெரியாத திட்டுக்கள் தென்படும். பழைய அழுக்கும் மெழுகும் கறுத்த வார்னிஷும் மூடியிருந்தவரையில் ஒன்றுபோலத் தோன்றிய தளம், அவை நீங்கியதும் தன் பலகைகளின் பிறவிபேதங்களையும், தேய்த்த கைகளின் பேதங்களையும் ஒருங்கே வெளிக்காட்டிவிடுகிறது. உடனே ஆசாரியை அழைத்து, “இன்னொரு கை சாயம் ஏற்றி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுங்கள்” என்று சொல்லத் தோன்றுவது இயற்கை. அவ்வாறு சொல்வதற்கு முன்னர் இந்த அத்தியாயத்தைப் பொறுமையோடு படிக்க வேண்டுமென்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். நிறபேதத்துக்குக் காரணங்கள் பல. காரணம் இன்னதென்று அறியாமல் ஏற்றப்படும் சாயம் பேதத்தை வளர்த்துவிடும். வளர்ந்த பேதத்தை நீக்கத் தளத்தை மறுபடியும் தேய்க்க வேண்டியிருக்கும். ஒரு முழுத் தேய்ப்பில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை மரம் போய்விடுகிறது. நாக்கும் காடியுமாகப் பொருத்தப்பட்ட முக்கால் அங்குலப் பலகையில், நாக்குக்கு மேலே தேய்ப்பதற்கு இடங்கொடுப்பது ஆறேழு மில்லிமீட்டர் மரந்தான் என்பதை நினைத்தால், சாயத்தில் அவசரப்படுவது எவ்வளவு விலையுயர்ந்த அவசரம் என்பது விளங்கும்.

இங்கே முக்கியமாக நான் கருத்திற்கொண்டிருப்பது, நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப்பிரதேசங்களில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட பங்களாக்களில் இன்றும் காணப்படும் தேக்குப் பலகைத்தளங்களை. ஓக், பலா, ஈட்டி ஆகிய மரங்களுக்கும் பெரும்பாலான விதிகள் பொருந்தும். பொருந்தாத இடங்களை அங்கங்கே குறிப்பிடுவேன்.

முதலில், மரத்தின் சுபாவத்திலிருந்தே வரும் பேதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே தேக்கு மரத்தின் உட்புறத்து வைரம் பொன்னிறமும் பழுப்பும் கலந்திருக்க, பட்டையை ஒட்டிய வெள்ளைப் பாகம் வெளிறிய மஞ்சளாகவே இருக்கிறது. முற்காலத்தில் பெருமரங்களிலிருந்து பலகை அறுத்தவர்கள் வெள்ளையைக் கழித்துவிட்டு வைரத்தையே தளத்துக்கு உபயோகித்தார்கள். பிற்காலத்தில் பழுது பார்க்க வந்த பலகைகளோ இளமையில் வெட்டப்பட்ட தோட்டத் தேக்கிலிருந்து அறுத்தவை. அவற்றில் வளையங்கள் அகன்றும், வெள்ளைப் பாகம் மிகுந்தும், நிறம் வெளிறியும் இருக்கும். 1840களில் மலபார் கலெக்டராயிருந்த கானலி, சாத்து மேனோனின் துணைகொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கிய நாள்தொட்டு, நட்டு வளர்த்த தேக்கு நம்மிடையே பெருகியிருக்கிறது. அதில் பழுது ஒன்றும் இல்லை. ஆயினும் ஐம்பது ஆண்டு வளர்ந்த மரமும் காட்டில் இருநூறு ஆண்டு நின்ற மரமும் ஒரே தளத்தில் அருகருகே கிடக்கும்போது, தேய்ப்பு இயந்திரம் இரண்டின் வயதையும் ஒரே நாளில் வெளிப்படுத்திவிடுகிறது.

இரண்டாவது காரணம் ஒளி. தேக்கைப் பொறுத்தவரையில் இதுவே எல்லாவற்றிலும் பெரியது என்பது என் அபிப்பிராயம். புதிதாய் இழைத்த தேக்கின் முகத்தைப் பார்த்தவர்கள் அதில் பச்சை கலந்த சாம்பலும், எலுமிச்சை மஞ்சளும், கறுப்புக் கோடுகளும் தாறுமாறாகக் கலந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தக் குழப்பம் நிலையானதன்று. காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் கழிந்ததும், பச்சைச் சாயல் மறைந்து, மஞ்சள் ஆழ்ந்து, முழுவதும் தேன் கலந்த பொன்னிறமாக ஒன்றுபட்டுவிடும். மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருளும், வைரத்தில் ஊறிக்கிடக்கும் சாறுகளும் ஒளியை உட்கொண்டு மாறுதலடைவதே இதற்குக் காரணம். இந்த மாறுதல் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிக்குள்ளேயே நிகழ்வதால், பல்லாண்டுகளாய்ச் சேர்ந்த நிறப்பொருத்தத்தை இயந்திரம் ஒரு பிற்பகலில் அகற்றிவிட முடிகிறது. அதே காரணத்தால், மறுபடியும் அதை ஒளியே கொண்டுவந்து சேர்க்கவும் முடிகிறது. பலாவும் இவ்வாறே, அறுத்த புதிதில் பளிச்சென்ற மஞ்சளாயிருப்பது நாளடைவில் செம்பழுப்பாகும். ஈட்டியிலோ ஊதாச் சாயல் தணிந்து பழுப்பு ஓங்கும். சன்னலோரத்தில் நேர்வெயில் நெடுங்காலம் விழுமாயின், தேக்கும் பிற்பாடு வெளுக்கத் தொடங்கும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

ஆகையால், தளத்தைத் தேய்த்த பின்பு மெருகிடுவதற்கு முன்னர் அவகாசம் கிடைக்குமாயின், சன்னல்களின் திரைகளை எல்லாம் விலக்கி, அறையைச் சில நாட்கள் வெளிச்சத்தில் விட்டு வையுங்கள். மெருகிட்டாகிவிட்டது என்றால், ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். உள்ளங்கை அளவுள்ள தடித்த அட்டைகள் இரண்டை எடுத்து, மிக வெளிறிய பலகை ஒன்றின்மீதும் மிகக் கறுத்த பலகை ஒன்றின்மீதும் கனமான பொருளை வைத்து அழுத்தி, இரண்டு வாரம் கழித்து நீக்குங்கள். அட்டையின் விளிம்பு கோடாகத் தெரிந்தால் ஒளி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்; அந்நிலையில் சாயத்தைப் பற்றிய பேச்சையே இரண்டு மூன்று மாதம் ஒத்திவைப்பதுதான் விவேகம். கோடு தெரியாவிட்டால் பேதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு; அது நிறமே அன்று, நிறம்போலத் தோன்றுவது. மரத்தின் நார்கள் பலகையின் முகத்துக்கு முற்றும் இணையாக ஓடுவதில்லை. சிறிது சாய்ந்தே ஓடுகின்றன. ஒரே கட்டையிலிருந்து அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பதித்துவிட்டால், ஒன்றின் நார்கள் பார்ப்பவரை நோக்கியும் மற்றொன்றின் நார்கள் அப்பாலும் சாய்ந்திருக்க, வெளிச்சத்தை ஒன்று திருப்பி அனுப்பவும் மற்றொன்று விழுங்கவும் செய்கிறது. வாயிற்படியில் நின்று பார்க்கும்போது கறுத்துத் தோன்றும் பலகை, எதிர்ச்சுவரருகே சென்று திரும்பிப் பார்க்கும்போது வெளுத்தும், வெளுத்தது கறுத்தும் காணப்படுமாயின், அது இந்த வகையைச் சேர்ந்ததென்று தீர்மானித்துக்கொள்ளலாம். இதற்குச் சாயம் பூசுவது வீண். ஒரு பக்கத்திலிருந்து பார்க்கச் சமமாக்கினால் மறுபக்கத்திலிருந்து பேதம் இரட்டிப்பாகும். எந்தத் தளத்தையும் பற்றி முடிவு செய்வதற்கு முன், நான்கு மூலைகளிலும் நின்று, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான். விளக்கொளியில் பொருந்திய சாயம் பகலில் பொருந்தாமற்போவதும் உண்டு.

இனி, மனிதர் கையால் உண்டாகும் பேதங்களுக்கு வருவோம். இவையே தவிர்க்கக்கூடியவை, ஆனால் தவிர்க்கப்படாமலிருப்பவையும் பெரும்பாலும் இவையே.

தளத்தின் நடுப்பகுதியை உருளை இயந்திரமும், சுவரோரத்தை வட்டமாய்ச் சுழலும் சிறு இயந்திரமும், மூலைகளை மனிதன் கையிலுள்ள சுரண்டியும் தேய்க்கின்றன. மூன்றும் மரத்தின் முகத்தை மூன்றுவிதமாக விடுகின்றன. சொரசொரப்பான பரப்பு சாயத்தை மிகுதியாக வாங்கிக் கறுக்கும். வழவழப்பான பரப்பு குறைவாக வாங்கி வெளுக்கும். சுரண்டியின் கூர்முனை வெட்டிச் சென்ற இடமோ இன்னும் குறைவாகவே வாங்கும். சுவரோரத்துக் கறுத்த பட்டையின் இரகசியம் இதுதான். 40ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 60, 80 என்று படிப்படியாகச் சென்று 100இல் முடிக்கும்போது, நடுவிலும் ஓரத்திலும் மூலையிலும் ஒரே எண்ணில் முடிக்க வேண்டும். இடையில் ஒரு படியையும் தாண்டலாகாது. முந்தைய தாளின் கீறல்கள் முற்றும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். இறுதியாக, தட்டையான வட்டத்தகட்டுப் பொறியில் மெல்லிய வலைத்தாளைப் பொருத்தி, நடுவும் ஓரமும் சேருமிடத்தை ஒருமுறை கலந்துவிடுவது மிகுந்த பயன் தரும். மூலைகளைச் சுரண்டியோடு விட்டுவிடாமல், அதே எண்ணுள்ள தாளை மரக்கட்டையில் சுற்றி, ரேகையின் வாக்கிலே கையால் தேய்த்து முடிக்க வேண்டும். காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்துத் தேய்ந்துபோன தாளையே வைத்து ஓட்டுவது பெருந்தவறு. அது மரத்தை வெட்டாமல் அழுத்தி மினுக்கிவிடும். மினுங்கிய இடம் சாயத்தை ஏற்காது.

பழைய வார்னிஷ் துளைகளுக்குள் எஞ்சியிருப்பது மற்றொரு காரணம். குழிந்த பலகைகளின் நடுவில் இயந்திரம் படாமற்போன இடங்களில் இது நிகழும். கண்ணுக்கு வெறும் மரம்போலத் தோன்றினாலும், சாயம் இட்டவுடன் அவ்விடம் வெளிறிய தீவாக நின்றுவிடும். இதனோடு, வேலை செய்பவர்களின் நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வையும் ஒரு காரணமாகிறது என்றால் சிலர் நம்பமாட்டார்கள். தேய்த்த மரத்தில் ஒரு துளி நீர் விழுந்தால் அவ்விடத்து நார்கள் உப்பி எழுகின்றன. காய்ந்த பின் தடம் தெரியாது. சாயம் ஏறியதும் அதே துளி கரும்புள்ளியாகத் தலைகாட்டும். ஈரக்காலோடு நடந்தவர்களின் அடிச்சுவடுகளும் இப்படியே வெளிப்படும். ஆதலால், சாயமிட எண்ணியிருக்கும் தளத்தில், தேய்ப்பு முடிந்த பின் வெறுங்காலோடும் ஈரச்செருப்போடும் ஒருவரையும் நடக்க விடக்கூடாது.

நீரும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கருநீலக் கறை தனிவகை. மரத்திலுள்ள துவர்ப்புப்பொருள் இரும்போடு கூடி மைபோன்ற நிறங்கொள்கிறது. ஆணித்தலையைச் சுற்றியும், இரும்புக்கால் பெட்டி ஈரத்தில் நின்ற இடத்திலும் இதைக் காணலாம். ஓக் மரத்தில் இது மிகுதி. தேக்கில் குறைவு, எனினும் இல்லாமலில்லை. இதற்குப் பரிகாரம் ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீரில் ஏறக்குறைய 60 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, கறையில் மட்டுமன்றிப் பலகை முழுவதிலும் ஒரே சீராகத் தடவ வேண்டும். கறைமட்டும் நனைந்தால் அவ்விடம் வெளுத்து, கரும்புள்ளிக்குப் பதிலாக வெண்புள்ளி கிடைக்கும். கறை மறைந்த பின் சுத்தமான நீரால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுத்து, நன்றாகக் காய விட வேண்டும். இவ்வமிலம் விஷம், கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது, கழுவாமல் காய்ந்த மரத்தைத் தேய்த்தால் எழும் தூள் மூக்கையும் தொண்டையையும் புண்ணாக்கும், குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. குளோரின் கலந்த வெளுப்புநீர் சாயக்கறையைப் போக்குமேயன்றி இரும்புக்கறையைப் போக்காது. அதை அம்மோனியாவோடோ அமிலத்தோடோ கலப்பது உயிருக்கு ஆபத்தான வாயுவை உண்டாக்கும் என்பதை ஒருபோதும் மறக்கக்கூடாது. நாய், பூனை முதலியவற்றின் சிறுநீர் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கறுத்த பலகை எந்தச் சிகிச்சைக்கும் பெரும்பாலும் இணங்குவதில்லை. அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அதே வீட்டில் சுவரலமாரிக்குள்ளோ, படிக்கட்டின் அடியிலோ உள்ள பழைய பலகை ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் பதித்து, புதிய பலகையை அலமாரிக்குள் போடுவதே சிறந்த உபாயம். ஒரே வயதும் ஒரே சரித்திரமும் உள்ள மரத்துக்கு ஈடாக எந்தச் சாயமும் நிற்காது.

மெருகிடுவதற்கு முன் இவற்றையெல்லாம் எப்படிக் கண்டுகொள்வது? அறையை இருட்டாக்கி, ஒரு விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தால் இயந்திரத்தின் தடங்களும் குறுக்குக் கீறல்களும் நிழல் விழுந்து தெரியும். பிறகு சன்னல்களைத் திறந்து, சுத்தமான துணியில் டர்ப்பன்டைனோ கனிம ஸ்பிரிட்டோ நனைத்துத் தளத்தை ஒரு பகுதி ஒரு பகுதியாகத் துடைத்துப் பாருங்கள். ஈரம் ஆறுவதற்குள் மரம் காட்டும் நிறம், நிறமற்ற மெருகிட்டால் அது காட்டப்போகும் நிறத்துக்கு மிக அருகில் இருக்கும். எஞ்சிய வார்னிஷ் உள்ள இடம் திரவத்தை உறிஞ்சாமல் பளபளத்து நிற்கும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு மீண்டும் தேய்த்து முடித்தால், வரவிருந்த துன்பத்தில் பாதிக்கு மேல் ஒழிந்தது.

இவ்வளவும் செய்த பின்னும் எஞ்சி நிற்பது வெள்ளைப் பாகத்தின் பேதம். இதற்கே சாயம் உண்மையில் பயன்படுகிறது. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிய வேண்டும்: வெளிறியதைக் கறுப்பாக்குவது எளிது, கறுத்ததை வெளிறச்செய்வது கடினம், ஆகவே எப்போதும் வெளிறிய பலகையை மற்றதன் நிறத்துக்கு உயர்த்துவதே முறை. நீரில் கரையும் சாயப்பொடிகளில் மஞ்சள், செம்பழுப்பு, கரும்பழுப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே மிகவும் நீர்க்கக் கரைத்து வைத்துக்கொண்டு, முதலில் மஞ்சளைத் தடவி, காய்ந்த பின் அதன்மேல் பழுப்பைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரே தடவையில் நிறத்தை எட்ட நினைப்பது தவறு. மூன்று மெல்லிய பூச்சுக்களில் எட்டியது அடங்கித் தெரியும். ஒரு தடித்த பூச்சில் எட்டியது பூசியதாகவே தெரியும். பக்கத்துப் பலகையில் சாயம் படாமல் இணைப்பின் நெடுக ஒட்டுநாடாவைப் பதித்துவிட்டு, சிறு தூரிகையால், பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். தேக்கில் இயல்பான எண்ணெய்ப்பசை இருப்பதால், சாயத்துக்கு முன் ஸ்பிரிட்டோ அசிட்டோனோ நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அது ஆறியவுடனே வேலையைத் தொடங்குவது நல்லது.

வெள்ளைப் பாகத்தை எந்த நிறத்துக்கு உயர்த்துவது என்ற கேள்வியில்தான் கைதேர்ந்தவர்களும் தடுமாறுகிறார்கள். இன்றைக்கு அருகில் தெரியும் வைரத்தின் நிறத்தைப் பார்த்துச் சாயம் கலந்தால், மூன்று மாதங்கழித்து அந்த வைரம் ஒளிபட்டு ஆழ்ந்த பொன்னிறமாகும்போது, சாயமிட்ட பலகை மறுபடியும் வெளிறிப் பின்தங்கிவிடும். ஆதலால் பழகிய தேக்கின் நிறத்தை நோக்கியே கலக்க வேண்டும். வீட்டில் பல ஆண்டு நின்ற கதவின் தேக்குச் சட்டமோ, பழைய நாற்காலியின் கையோ இதற்கு அளவுகோலாகலாம். இவ்வகைச் சாயம் ஒளியில் ஓரளவு மங்கும் இயல்புடையது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காவிமண், மஞ்சட்காவி, அம்பர் முதலிய மண்நிறமிகள் மங்குவதில்லை. ஆனால் அவை மரத்துக்குள் கரையாமல் துளைகளிலும் கீறல்களிலும் தங்குவன. ஆகவே சாயத்தால் அடிநிறத்தையும், சிறிதளவு நிறமியால் அதன்மேல் நிலைத்த சாயலையும் கொடுப்பது இரண்டின் குணத்தையும் பெறுவதாகும்.

தளம் முழுவதற்கும் ஒரே சாயம் ஏற்றவேண்டுமென்று விரும்புவோரும் உண்டு. கரும்பழுப்பாகச் சாயமேற்றினால் பேதமெல்லாம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுத்த சாயம் மரத்தின் பேதத்தை மறைப்பது உண்மையே. ஆனால் அது தேய்ப்பின் ஒவ்வொரு குற்றத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதன்மேல் படியும் தூசியும் ஒவ்வொரு கீறலும் வெள்ளையாகத் தெரிகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, நல்ல தேக்கைக் கறுப்பாக்குவதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. எனினும் அவ்வாறே செய்வது என்று துணிந்துவிட்டால், தளம் முழுவதையும் பிழிந்த ஈரத்துணியால் ஒரே சீராக நனைத்து, நார்களை எங்கும் ஒருங்கே எழச்செய்து, மீண்டும் தேய்க்காமல் ஓர் இரவு காயவிட்டுச் சாயமிடுங்கள். வியர்வைத் துளியின் பேதமும், தேய்ப்பின் சிறு பேதங்களும் இதனால் பெரும்பாலும் சமமாகிவிடும். வாங்கிய டப்பாக்கள் அனைத்தையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்து, அடியில் தங்கும் நிறமியை அடிக்கடி கிளறிக்கொண்டு, இரண்டு பேராகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மூன்று நான்கு பலகைகளை ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒருவர் தடவிச் செல்ல, குறித்த நிமிஷங்கள் கழிந்ததும் மற்றவர் துடைத்துக்கொண்டே பின்தொடர வேண்டும். பாதி அறையில் சாப்பிட எழுந்துபோனால், அந்த இடத்தில் இரட்டைப்பூச்சின் கோடு என்றென்றும் நிற்கும்.

மெருகு இட்டாகிவிட்ட தளத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் பலருடைய உண்மையான கேள்வி. காத்திருந்தும் தீராத பேதத்துக்கு நிறங்கலந்த மெருகு துணைசெய்யும். முதலில் தளத்தில் மெழுகு, எண்ணெய் ஒன்றும் இல்லாதபடி துடைத்துவிட்டு, வெளிறிய பலகைகளின் முகத்தை 220ஆம் எண் தாளால் பளபளப்பு மங்குமளவுக்கு மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். பிறகு, தளத்தில் இட்ட அதே வகை மெருகில், அதற்கு இணங்கும் சாயத்தைத் துளித்துளியாகக் கலந்து, ஒட்டுநாடாவுக்கு நடுவே மிக மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்த பின் மற்றொரு பூச்சு என்று கொடுத்து, வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்னரே நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த நிறம் மரத்துக்குள் இல்லாமல் மெருகின் ஏட்டிலேயே தங்குவதால், கால்கள் பட்டுத் தேய்ந்தால் நிறமும் கூடவே போய்விடும். ஆகையால் அறை முழுவதற்கும் நிறமற்ற மெருகு இரண்டு பூச்சாவது அதன்மேல் இடுவது அவசியம். அறை முழுவதையும் நிறமெருகாலேயே பூசிவிடலாமே என்று தோன்றும். பரந்த தளத்தில் பூச்சுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமிடமெல்லாம் கோடு விழும் என்பதால் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அளவுக்கு மீறிக் கறுத்த பலகைக்கோ, மெருகின் மேலிருந்து செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தப் பலகையை மட்டும் மெருகு நீக்கி, வெறும் மரத்துக்குக் கொண்டுவந்துதான் சிகிச்சை செய்ய வேண்டும்.

மெருகின் வகையும் நிறத்தை மாற்றும். ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் ஆகியவை தாமே மஞ்சளாகி, தேக்கின் பேதங்களைப் பொன்னிறத்தில் ஓரளவு இணைத்துவிடும். நீரில் கலந்த பாலியூரித்தேன் நிறமற்றதாய் நின்று, உள்ளதை உள்ளபடியே காட்டும். பேதம் மிகுந்த பழைய தேக்குத்தளத்துக்கு முதல்வகையே ஏற்றது என்பேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த மெல்லிய அடிப்பூச்சு நிறத்துக்கு வெம்மை கூட்டும். மேலே பாலியூரித்தேன் வரப்போகிறதென்றால் மெழுகு நீக்கிய அரக்காக இருத்தல் வேண்டும். இல்லையேல் மேற்பூச்சு பிடிக்காது. மலைநாட்டில் மூடுபனி அடர்ந்த நாளில் அரக்குப்பூச்சு இட்டால், காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுக்கும். உலர்ந்த நாளில் ஸ்பிரிட் நனைத்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் அது பெரும்பாலும் தெளியும். மழைக்காலங்களைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களில் இவ்வேலையை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவது பெரும் ஆபத்து. அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. ஒவ்வொன்றையும் திறந்தவெளியில் தனியே விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகரப்பாத்திரத்தில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

எந்தச் சாயத்தையும் எந்த மெருகையும் தளத்தில் இடுமுன், அதே வீட்டில் கழற்றிய பலகைத்துண்டு ஒன்றில், அதே தாளால் தேய்த்து, அதே பூச்சுக்களை இறுதிவரை இட்டுப் பார்த்தே தீர வேண்டும். கடைக்காரர் காட்டும் மாதிரி அட்டை வேறு மரத்தில் செய்தது. அந்தத் துண்டின் முதுகில் சாயங்களின் அளவு, தாளின் எண், மெருகின் பெயர், தேதி ஆகியவற்றை எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் பத்திரப்படுத்தினால், பின்னொருநாள் ஒரே ஒரு பலகையைப் பழுதுபார்க்க நேரும்போது அது பேருதவியாகும்.

வேலை முடிந்த பின் ஜமக்காளங்களையும் கம்பளங்களையும் உடனே விரிக்க வேண்டாம். மெருகு முற்றும் இறுக இரண்டு முதல் நான்கு வாரங்கள் வேண்டும்; தேக்கின் நிறம் ஒன்றுபடவோ இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். அதுவரை தளத்தை வெறுமையாகவே வைத்து, நாற்காலி மேசைகளை வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். கம்பளம் மூடிய இடத்தில் மரம் மாறாமல் நின்றுவிட்டால், அதன் வடிவமே புதிய நிறபேதமாகத் தளத்தில் பதியும்.